வலக் கன்னம்

சினிமா நடிப்பைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் என்று சொன்னால் யாரும் அதை ஒரு வேலையாக ஒப்புக்கொள்வதில்லை. என் அக்கா பக்கத்து வீட்டாரிடம், "அவ படம் பாக்கறதுக்குச் சம்பளம் வாங்கறா" என்றுதான் சொல்லி வைத்திருக்கிறாள். நானும் மறுப்பதில்லை. பல்கலைக்கழகத்தில் ஓர் அறை, ஒரு திரை, கதவைச் சாத்திக்கொண்டால் நாள் முழுவதும் படம்தான். முதல் தடவை மற்றவர்களைப் போலப் பார்ப்பேன். அதற்குப் பிறகு ஒலியை நிறுத்திவிடுவேன். வசனம் எழுதியவர் வேறு, பாட்டுப் பாடியவர் வேறு. அதையெல்லாம் கழித்துவிட்டால் மிச்சமிருப்பதுதான் நடிகருடையது. மாணவர்களிடம் முதல் வகுப்பிலேயே இதைச் சொல்லி அவர்கள் வாயை அடைத்துவிடுவேன்.

நான் எடுத்துக்கொண்ட நடிகர் ஒரு காலத்தில் வெளியே தலைகாட்டினால் தெருவே அடைத்துப் போகும். அவர் படங்களை ஒலியில்லாமல் பார்த்துப் பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்தேன். அவருடைய வலக் கன்னம் எந்தப் படத்திலும் இல்லை. நேராகப் பார்த்தாலும் அந்தப் பக்கம் நிழலில் இருக்கும். மற்றபடி எப்போதும் இடக் கன்னம்தான். அவருக்காகப் போட்ட அரங்குகளில் கதவைக்கூட அதற்குத் தோதான பக்கத்தில்தான் வைத்திருக்கிறார்கள். சண்டையில் அடிபட்டு விழும்போதும் இடக் கன்னம் மேலே இருக்கும்படிதான் விழுவார். பிணமாகக் கிடக்கும் காட்சியிலும் அதே ஜாக்கிரதை. இது அழகு பற்றிய கர்வம் என்று தீர்மானித்து, எதைக் காட்டக் கூடாது என்று முடிவு செய்யும் அதிகாரமே நட்சத்திர அந்தஸ்து என்று ஓர் அத்தியாயமே எழுதி முடித்தேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

அவரை நேரில் பார்க்க எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தேன். "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை" என்று மகன் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார். திடீரென்று ஒரு நாள் நடிகரின் மனைவியே போன் செய்தார்.

"நீதான் அவர் படத்தையெல்லாம் கரைச்சுக் குடிச்ச பொண்ணா? வசனமெல்லாம் தெரியுமா?"

"தெரியும்மா."

"அப்ப கிளம்பி வா. எனக்கு ஒரு காரியம் ஆகணும்."

போனேன். மாடி வைத்த பழைய வீடு. கூடத்தில் விருதுகள் தூசியில்லாமல் இருந்தன, நாற்காலிகள் தூசியாக இருந்தன. அந்த அம்மா இடுப்பில் பட்டை கட்டியிருந்தார். கணவரைத் தூக்கி உட்காரவைத்து முதுகு போய்விட்டதாம். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார்.

"அவருக்கு மறதி வந்து ரொம்ப நாளாச்சு. வாயைத் தொறந்தா வசனம்தான். ஆனா சில சமயம் எங்கிட்டப் பேசற மாதிரியே இருக்கு. பையன் சொல்றான், 'அதுவும் வசனம்மா, அவருக்கு யாரையும் தெரியாது, முதியோர் இல்லத்துல விட்டுடலாம்'னு. இடம்கூடப் பாத்துட்டான். அவனையும் குத்தம் சொல்ல முடியாது, என் முதுகைப் பாத்துத்தான் சொல்றான். என்னைத் தெரியாதுன்னா எங்க இருந்தா என்ன? அனுப்பிடலாம். தெரிஞ்சு அனுப்பினா நான் மனுஷியா? அதனால நீ வந்து உக்காந்து கேளு. எது படம், எது இவர்னு பிரிச்சுச் சொல்லு."

இப்படி ஒரு வேலைக்கு என்னைத் தவிர யாரும் லாயக்கில்லை என்று தோன்றியது. ஒப்புக்கொண்டேன்.

அறையின் நடுவில், தோட்டத்து ஜன்னலைப் பார்த்தபடி அவர் நாற்காலி. அவருக்கு இடப்புறம் வருபவர்களுக்கு ஒரு நாற்காலி, வலப்புறம் அந்த அம்மாவின் முக்காலி. நான் இடப்புறம் உட்கார்ந்தேன். திரையில் பார்த்த அதே மூக்கு, அதே தாடை. தோல் மட்டும் தளர்ந்திருந்தது. கையெழுத்துக் கேட்கலாம் என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். வெட்கமாகப் போயிற்று.

அந்த அம்மா காபியை நீட்டினார். அவர் கோப்பையைப் பார்த்து, அந்தக் கனத்த குரலில், "இதில் விஷமே இருந்தாலும் உன் கையால் தந்தால் குடிப்பேன்" என்றார்.

அந்த அம்மா முகம் மலர்ந்து என்னைப் பார்த்தார்.

"இளவரசனா வருவாரே, அந்தப் படம். மாடத்துல நின்னு சொல்வார்" என்றேன்.

"யாருகிட்ட?"

"வில்லனோட தங்கச்சிகிட்ட."

"அவகிட்டயா? நல்லாருக்கு போ. நான் போட்ட காபிக்கு அவளுக்குப் பாராட்டு."

அதன்பின் அடிக்கடி போனேன். "வா ஆராய்ச்சி, சாப்பிட்டியா?" என்று கேட்கும் அளவுக்கு ஒட்டிக்கொண்டோம். பகலில் வரும் நர்ஸ் மாத்திரை கொடுத்தால் "சிறையில் அடைக்கலாம், என் கனவை அடைக்க முடியாது" என்பார். கப்பல் படம். மகன் வந்து நின்றால் "கனம் நீதிபதி அவர்களே" என்று ஆரம்பிப்பார். வக்கீல் படம். மகன் என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்குவார். நான் ஒவ்வொன்றையும் படம், காட்சி என்று அடையாளம் சொன்னேன். எதுவும் மிஞ்சவில்லை.

இடையில் அந்த அம்மா தன் கதையும் சொன்னார். "எந்த விழாவுக்குப் போனாலும் என்னைத் தன் வலது பக்கம் உக்காரவச்சிடுவாரு. கேமராக்காரங்க அத்தனை பேரும் இடது பக்கம். ஒரு பத்திரிகையிலயாவது என் மூஞ்சி வந்திருக்கும்னு நினைக்கிற? ஓரத்துல ஒரு முழங்கை வரும். அது நான்."

ஒரு நாள் நான் உள்ளே நுழையும்போதே அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நேத்து ஒண்ணு சொன்னாரு. அலங்காரமே இல்ல. இது வசனமா இருக்கவே முடியாது. 'நீ போயிட்டா எனக்கு வீடு எது'ன்னு கேட்டாரு."

எனக்குத் தெரியும். வந்த சுவடே தெரியாமல் போன ஒரு குடும்பப் படம். யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள். தெரியாது என்று சொல்லியிருந்தால் ஈ காக்கைக்குக்கூடத் தெரிந்திருக்காது. ஆனாலும் பொய் வரவில்லை. "படம்தாம்மா" என்றேன். எனக்கே என்மேல் எரிச்சலாக இருந்தது.

அந்த அம்மா என் கையை விட்டுவிட்டார். "சரி. சந்தேகம் தீந்துது" என்று சொல்லி மகனுக்குப் போன் செய்தார். "வந்து கூட்டிட்டுப் போப்பா. நான் தடுக்கல."

மகன் வந்து துணிமணிகளைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார். எனக்கு அங்கே வேலையில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு தோட்டத்து வழியாக நடந்தேன். அவர் அறை ஜன்னலின் கண்ணாடி சாத்தியிருந்தது. உள்ளே அவர் வாயசைவது தெரிந்தது, குரல் கேட்கவில்லை. வழக்கம் விடவில்லை, நின்று பார்த்தேன்.

நர்ஸ் ஈரத்துண்டோடு அவருக்கு வலப்புறம் வந்தாள். அவர் சட்டென்று தலையைத் திருப்பி இடக் கன்னத்தை அவள் பக்கம் கொண்டுவந்துவிட்டார். அவள் சலித்துக்கொண்டு சுற்றி வந்து துடைத்தாள். மகன் ஒரு சட்டையை எடுக்க வலப்புறம் குனிந்தார். அப்போதும் அதே திருப்பம். பிறகு அந்த அம்மா வந்து முக்காலியில் உட்கார்ந்து துண்டை வாங்கினார். தலை திரும்பவில்லை. நடிகர் வலக் கன்னத்தை மனைவியின் கைக்குக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். காதிலிருந்து தாடைவரை ஒரு பழைய தழும்பு, சுருங்கிப்போன தோல். இத்தனை வருடம் தேடியும் காணாத வலக் கன்னத்தை அப்போதுதான் பார்த்தேன்.

ஊருக்கெல்லாம் ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள் என்று பாடம் எடுத்தவள் நான். இந்த வீட்டில் மட்டும் வந்த நாள்முதல் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செருப்பைக் கழற்றக்கூடத் தோன்றாமல் உள்ளே ஓடினேன்.

"அம்மா, அந்தத் தழும்பு..."

"சின்ன வயசுல வெந்நீர் கொட்டினது. அதுக்கென்ன இப்ப?"

"எந்திரிச்சு இந்தப் பக்கம் வந்து உக்காருங்க. ஒரே நிமிஷம்."

என் பதற்றத்தைப் பார்த்து அந்த அம்மா இடப்புற நாற்காலிக்கு மாறினார். மகனை முக்காலியில் உட்காரச் சொன்னேன். "என்ன மேடம் இது, விளையாட்டு?" என்று முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

நடிகர் மகனைப் பார்த்தார். பின் மனைவியைப் பார்த்தார். நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, காலால் தரையை உந்தி, நாற்காலியோடு சேர்ந்து நகர ஆரம்பித்தார். நர்ஸ் உதவப் போனாள், தடுத்தேன். மூச்சு வாங்கியது, கால் இழுத்தது. ஆனாலும் கொஞ்சம் கொஞ்சமாக நாற்காலியையே ஜன்னலுக்கு முதுகு காட்டும்படி திருப்பி முடித்தார். இடக் கன்னம் இப்போது மகன் பக்கம். தழும்புக் கன்னம் மனைவி பக்கம்.

நான் அறிந்ததைச் சொன்னேன். எந்தப் படத்திலும் யாருக்கும் காட்டாத பக்கம் அது என்றேன். இது வெறும் பழக்கமாகவும் இருக்கலாம் என்று சேர்த்துக்கொண்டேன். என் தொழில் அப்படி. "ஆனா இதை எந்த டைரக்டரும் சொல்லிக் குடுக்கலம்மா."

அந்த அம்மா கொஞ்ச நேரம் அந்தத் தழும்பையே பார்த்தார். "காலம் பூரா என்னை ஓரத்துல தள்ளிட்டாருன்னு திட்டிட்டிருந்தேனே" என்றார். மூக்கைச் சிந்திக்கொண்டு மகனிடம் திரும்பினார். "பெட்டியைப் பிரிச்சு வை. தூக்கி விட இன்னொரு ஆள் போடு. இவர் எங்கயும் போகல."

மகன் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அப்பாவின் கால் இன்னும் நடுங்குவதைப் பார்த்துவிட்டு, "சரிம்மா" என்று எழுந்து முக்காலியை அம்மாவிடம் தூக்கிக்கொண்டு வந்தார்.

அந்த அம்மா முக்காலிக்கு மாறி, தழும்புப் பக்கமாக நெருங்கி உட்கார்ந்தார். நடிகர் பேசினார். அதே வரி, அதே இடைவெளி, ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை. "நீ போயிட்டா எனக்கு வீடு எது?"

அந்த அம்மா என்னைக் கேட்டார். "ஆராய்ச்சி, படத்துல அவ இதுக்கு என்ன சொல்லுவா?"

"ஒண்ணும் சொல்ல மாட்டாம்மா. கதவைச் சாத்திட்டுப் போயிடுவா."

"புத்தி கெட்டவ" என்றார். பக்கத்தில் வைத்திருந்த காபிக் கோப்பையை எடுத்துக் கணவர் கையில் வைத்து விரல்களை மூடினார். "நான் இங்கதாங்க இருக்கேன். ஆறிடும், குடிங்க."