ஷம்ஷாத்தின் கார்டு

வாசலில் கார்டைக் காட்டினால்தான் கதவு திறக்கும். யார் போனார், யார் வந்தார் என்பது உடனே அருள்செல்வனின் கணினியில் தெரிந்துவிடும். அவிநாசியை ஒட்டிய அந்தப் பனியன் கம்பெனியில் கதவுகளும் கார்டுகளும் அவன் பொறுப்பு. தையல் பிரிவின் சூப்பர்வைசர் வேல்விழி அவன் மனைவி.

மைத்துனன் கல்யாணத்தில் தனக்கு மரியாதை குறைந்துவிட்டதென்று அருள்செல்வன், அவள் தாய்வீட்டு வாசலை மிதிக்கக் கூடாதென்று சொல்லியிருந்தான். அவள் அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுத்த பிறகும் இரங்கவில்லை. அம்மா வீடோ கம்பெனியிலிருந்து ஒரே ஒரு பஸ் நிறுத்தம் தள்ளித்தான்.

டெய்லர் ஷம்ஷாத்தான் வழி சொன்னாள். "என் கார்டுக்கு ஒரு டூப்ளிகேட் போட்டுக்கக்கா. பீஸுக்கு இவ்வளவுன்னு கூலி வாங்கறவ வெளிய போனா யாரு கேக்கப்போறாங்க?"

சாவிக் கடையில் போட்டுக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஷம்ஷாத் பெயரில் வெளியே போய், அம்மாவுக்கு உடம்பு துடைத்து, சோறு ஊட்டிவிட்டு வந்தாள்.

ஒருநாள் முதலாளி ரத்தினசாமி, கார்டுகளை மாற்றுவது பற்றிப் பேச அவளை அறைக்குக் கூப்பிட்டார். அருள்செல்வனும், கார்டு விற்கும் தௌபிக்கும் இருந்தார்கள். தௌபிக் பழைய கார்டை நகலெடுக்கும் கைக்கருவியில் வைத்தெடுத்தான். பிறகு ஒரு வெற்றுக் கார்டை. அந்த வெற்றுக் கார்டுக்கு அறைக் கதவு திறந்தது.

"பழசு, யாரு கேட்டாலும் தன் நம்பரைச் சொல்லிருமுங்க. புதுசுகிட்ட கதவு ஒவ்வொரு தடவையும் வேற கேள்வி கேக்கும். உள்ள இருக்கற ரகசியச் சாவியை வெச்சுத்தான் அது பதில் சொல்லும். அந்தச் சாவி வெளிய வராதுங்க."

புதிய கார்டையும் அப்படியே நகலெடுத்துக் காட்டினான். சிவப்பு விளக்கு எரிந்தது.

"நீ என்னம்மா சொல்ற?" என்றார் ரத்தினசாமி.

வேல்விழி முந்திக்கொண்டு சொன்னாள்: "பழசே போதுமுங்க. டெய்லர் புள்ளைங்க தொலைச்சுப்போடுவாங்க."

"தொலைஞ்சா நிறுத்திட்டு வேற குடுத்தரலாமுங்க," என்றான் அருள்செல்வன். "யாரு எப்பப் போறாங்கன்னு சரியாத் தெரியோணும்."

அவன் அவளைப் பார்க்கவில்லை. அவனுக்குத் தெரிந்துவிட்டதா என்றுகூட அவளால் கணிக்க முடியவில்லை.

புதிய கார்டு வந்தது. ஷம்ஷாத் தன்னுடையதையே நீட்டினாள். மாட்டினால் இருவருக்கும் வேலை போகும் என்று வேல்விழி மறுத்தாள். மதியங்களில் டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்து வீட்டு நஞ்சம்மாள் போன் செய்தாள். "யாரு ஊட்டுனாலும் உங்கம்மா வாயத் தொறக்கறதில்ல கண்ணு. வாசலையே பாத்துட்டிருக்குது."

வேல்விழி எழுந்து போய் தன் கார்டையே வாசலில் காட்டினாள். பஸ் நிறுத்தத்துக்குப் போவதற்குள் போன் அடித்தது.

"எங்க போற?"

"அம்மா ஊட்டுக்குங்க."

"நான் என்ன சொல்லியிருக்கேன்?"

"ஞாபகம் இருக்குதுங்க. அம்மா பசியோட கெடக்குது."

பஸ் வந்தது. போனைக் காதிலிருந்து எடுக்காமலே ஏறினாள்.

அன்றிரவு வீட்டில் அவன் அவள் போட்ட சோற்றைத் தொடாமல் படுத்துக்கொண்டான். மறுநாள் சாப்பாட்டு மணி அடித்ததும் அவள் தன் கார்டை எடுத்துக்கொண்டு மறுபடி வாசலுக்குப் போனாள்.