முந்நூற்றுப் பன்னிரண்டு சில்லு

என் மச்சான் எனக்குத் தர வேண்டியிருந்தது முந்நூற்றுப் பன்னிரண்டு சில்லு. சில்லு என்றால் கையில் எண்ணுகிற காசு அல்ல, போனுக்குள்ளேயே இருக்கிற காசு. கிரிப்டோ என்பார்கள். டைல்ஸ் போடுகிறவர்களுக்கென்று ஓர் ஆப் இருந்தது. சேர்ந்தவுடன் ஆளுக்கு நூறு டோக்கன் சும்மா தந்தார்கள். வேலையில் சந்தேகம் வந்தால் அதில் கேட்கலாம். யார் பதில் பிடித்திருக்கிறதோ அவருக்கு நன்றி பட்டனை அமுக்கினால், கேட்டவர் கணக்கிலிருந்து பத்து டோக்கன் அவருக்குப் போய்ச் சேரும். உடைந்த டைலுக்குச் சொல்கிற பெயரையே நாங்கள் அதற்கும் வைத்து, சில்லு என்று கூப்பிட்டோம்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். வேலையில் நாங்கள் ரொம்ப வருஷமாக ஜோடி. நான் வெட்டிக் கொடுப்பேன், அவர் பதிப்பார். பெரிய டைல் என்றால் ஆளுக்கு ஒரு பக்கம் பிடிப்போம்.

அந்த முதல் வருஷத்தை நினைத்தால் இப்போதும் மனசு இளகிவிடுகிறது. சாப்பாட்டு நேரத்தில் சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்தால் கை தானாகப் போனுக்குப் போகும். எங்கேயோ முகம் தெரியாத ஒருவன் கேட்டிருப்பான், "தட்டினா டொக்கு டொக்குன்னு கேக்குது, என்ன பண்ண?" என்று. "அடியில கலவை இல்ல. உன் காண்ட்ராக்டர் மண்டை மாதிரி காலி" என்று ஒருத்தர் எழுதுவார். சிரித்து முடித்த பிறகு நாலு பேர் ஒழுங்கான வழியும் சொல்வார்கள். பாத்ரூம் வேலை செய்கிற அக்கா ஒருத்தி இருந்தாள். மூலை நேராக இருக்கிறதா என்று பார்க்கிற கருவியின் பேரை வைத்து, 'மூலைமட்டம்' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். யார் போட்டோ போட்டாலும், "சுவர் அழகு, வாட்டம் எங்க? தண்ணி என்ன மாடிப்படி ஏறியா போகும்?" என்பாள். அவள் திட்டாத தரை நல்ல தரை.

குரலில் பேசி அனுப்பினால் சில்லு கிடையாது. எழுதினால்தான் உண்டு. அதற்காகவே நாற்பது தாண்டி எழுதப் பழகினேன். மனைவி சொல்லித் தந்தாள். மிச்சமான டைலின் பின்பக்கம்தான் சிலேட்டு. கலவை நிற்காமல் வழிகிறது என்ற ஒருவனுக்கு நான் எழுதிய முதல் பதில் "தண்ணிய குறை" என்ற இரண்டு சொல். பத்து சில்லு வந்தது. அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஏறாமல், வழியில் இருந்த கடைப் பலகைகளை எல்லாம் படித்துக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனேன்.

மச்சான் மட்டும் கேள்வியே கேட்க மாட்டார். பதில் சொல்லத்தான் வருவார். ஆயிரம் சில்லு சேர்ந்தால் பெயருக்குப் பக்கத்தில் 'மேஸ்திரி' என்று மஞ்சள் பட்டை வரும். அதற்கு அவரிடம் முந்நூற்றுப் பன்னிரண்டு குறைந்தது.

"மாப்ள, கொஞ்சம் தள்ளி விடேன். சேந்ததும் திருப்பித் தர்றேன்."

"பட்டை வந்தா தரை நேரா வந்துடுமா மச்சான்?"

"என் தங்கச்சியக் கட்டுன திமிரு பேசுது. அனுப்புய்யா!"

அனுப்பினேன். அன்றைக்கு அத்தனையையும் சேர்த்தாலும் ஒரு டீ வாங்க முடியாது. பட்டை வந்ததும் டீக்கடைக்காரரிடம்கூடப் போனை நீட்டினார். அவர் உற்றுப் பார்த்துவிட்டு, "சர்க்கரை தூக்கலா, கம்மியா?" என்றார்.

பிறகு ஆப்காரர்கள் சில்லைச் சந்தையில் விட்டார்கள். யாரும் விற்கலாம், வாங்கலாம். விலை ஏறியது, ஏறிக்கொண்டே போனது. அதோடு எங்கள் குழுவும் கெட்டது. ஒருவன் மனைவி போனிலிருந்து "டைலுக்கு எந்தப் பக்கம் மேல்?" என்று கேட்பான். தன் போனிலிருந்து "வழவழப்பா இருக்கிற பக்கம்" என்பான். மனைவி போனிலிருந்து நன்றியை அமுக்குவான். சேர்ந்தவுடன் சும்மா வந்த நூறை நேராக விற்கவோ அனுப்பவோ முடியாது; நன்றியாகக் கை மாறினால்தான் விற்கலாம், அதற்கு இது ஒரு குறுக்குவழி. சிரிப்புச் செத்துப்போனது. மூலைமட்டம் அக்கா, "இங்க தரை பேசுறவங்க யாருமில்ல, நான் வர்றேன்" என்று எழுதிவிட்டுப் போனாள். போகாதே என்று ஒருவர்கூட எழுதவில்லை.

எனக்கோ முட்டி தேய்ந்திருந்தது. குந்தி உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்போதைய விலைக்கு அந்த முந்நூற்றுப் பன்னிரண்டை விற்றால் ஒரு பழைய சுமை வண்டி வாங்கலாம். டைல் ஏற்றி இறக்கிப் பிழைத்துக்கொள்ளலாம். மச்சானிடம் கேட்டேன்.

"இன்னும் ஏறும் மாப்ள. இப்பக் குடுத்தா பட்டையும் போயிடும்."

"எனக்குப் பட்டை வேணாம் மச்சான், முட்டி வேணும்."

"ஒரே ஒரு மாசம் பொறு. வண்டி என்ன, ரெண்டு வண்டியா வாங்கலாம்."

அந்த மாசத்துக்குள்ளேயே மாடியிலிருந்து கைதவறிய டைல் கணக்காக விலை விழுந்தது. ஆப்காரர்கள் விற்பதையும் ஒருவருக்கொருவர் அனுப்புவதையும் பூட்டிவிட்டார்கள். மச்சான் குனிந்து கலவையைக் குழைத்துக்கொண்டே இருந்தார். நான் வெட்டுகிற மெஷினைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு, "இனிமே தனியாவே டைல் வைங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். சில்லறை வேலை பார்த்தேன், முட்டியைக் கட்டிக்கொண்டு. பல மாசம் பேச்சில்லை. மனைவி அண்ணனிடம் பேசுவதென்றால் போனைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போவாள்.

ஒரு மத்தியானம் போன் சிணுங்கியது. காலியாய்க் கிடந்த குழுவில் ஒரு கேள்வி. கேட்டவர் மச்சான். அவர் அங்கே கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"தண்ணி ஈரமா இருக்குமா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "இருக்கும்" என்று எழுதினேன். உடனே பத்து சில்லு வந்து விழுந்தது. அப்போதுதான் உறைத்தது: அனுப்புவது பூட்டியிருந்தாலும் நன்றி பட்டன் இன்னும் வேலை செய்கிறது.

மறுநாள், "உடைஞ்ச டைல் ஒட்டுமா?"

"ஒட்டாது."

பத்து.

மனைவி எட்டிப் பார்த்தாள். "யார்கிட்ட தனியா சிரிக்கிறீங்க?"

"உங்கண்ணன் கடனை அடைக்கிறாரு."

"எதை வச்சு?"

"மானத்தை வச்சு."

சில்லு ஆயிரத்துக்குக் கீழே போனதும் மஞ்சள் பட்டை மறைந்துவிட்டது. மிச்சமிருந்த ஒன்றிரண்டு பேர், "மேஸ்திரி, ஸ்கூல்ல சேந்துட்டீங்களா?" என்று கேலி எழுதினார்கள். அவர் அவர்களுக்குப் பதில் சொல்லவில்லை. என்னைக் கேட்பதையும் நிறுத்தவில்லை. செல்லாத காசுதான். ஆனாலும் நான் ஒவ்வொரு பத்தையும் வாங்கிக்கொண்டேன்.

இதற்கிடையில் ஆப்பையே மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. மூடுவதற்கு முந்தைய நாள் அவர் கேட்டது வேறு மாதிரி இருந்தது.

"ஆறடி டைலைத் தனி ஆளா வைக்கிறப்ப, இன்னொரு பக்கத்தை யாரு பிடிக்கிறது?"

உறிஞ்சிப் பிடித்துக் கண்ணாடி தூக்குகிற பிடி இருக்கிறது, முட்டுக் கொடுக்கலாம் என்று எழுதினேன். அழித்தேன். வேறொன்று எழுதினேன், அதையும் அழித்தேன். கடைசியில், "எந்த சைட்டு?" என்று மட்டும் போட்டேன்.

அது பதிலே இல்லை. இருந்தும் பத்து வந்தது. கூடவே விலாசமும் வந்தது.

காலையில் மெஷினோடு போனேன். ஜன்னல் ஓரமாக ஒரு பெயிண்ட் வாளியைக் கவிழ்த்து, மேலே சாக்கை நாலாக மடித்துப் போட்டு வைத்திருந்தார்.

"உக்காந்தே வெட்டு. குனியறது, குந்துறது எல்லாம் என்னோடது. வண்டி வாங்கித் தர எனக்கு வக்கில்ல."

"இந்த வாளிக்கு எத்தனை சக்கரம் மச்சான்?"

"நக்கலு போகலையே இன்னும்."

பத்து மணிக்கு முதல் டைலைத் தூக்கப் போனோம். அவர் சட்டென்று கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தார்.

"இன்னும் நூத்தி நாப்பத்திரண்டு பாக்கி. இன்னைக்கு ராத்திரியோட மூடுறான். வா, கடகடன்னு கேட்டு முடிச்சிடறேன்."

"கலவை காயுது மச்சான்."

"கணக்குன்னா கணக்கு மாப்ள."

"குடுத்தவன் நான். நூத்தி நாப்பத்திரண்டையும் தள்ளுபடி பண்ணியாச்சு. போனை உள்ள வச்சுட்டு அந்தப் பக்கத்தைப் பிடிங்க."

"பெரிய வள்ளலு" என்று முணுமுணுத்துக்கொண்டே குனிந்து பிடித்தார்.