இல்லை என்று சொன்ன பென்சில்

மருந்துக்கடையில் வேலை பார்த்த அந்தத் தாய், வீட்டுக்குள் நுழைந்ததும் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் ஏழு வயது மகளைப் படிக்கக் கூப்பிடுவாள். எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே கேள்வித்தாளாக வைக்கும் பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அதில் முந்தினால்தான் நல்ல பள்ளியில் இடம் என்று, கடைக்கு வருகிறவர்கள் பேசிப் பேசியே அவள் வயிற்றில் புளியைக் கரைத்திருந்தார்கள்.

கீழ்வீட்டுச் சிறுமியும் அதே வகுப்புதான். இரண்டும் நகமும் சதையுமாக வளர்ந்தவை. பள்ளி விட்டதும் இருவரையும் அழைத்து வந்து, இவள் வேலை முடிந்து வரும்வரை பசியாற்றிப் பார்த்துக்கொண்டது கீழ்வீட்டுக்காரிதான். ஒருநாள் அவள், தன் மகளும் கூட உட்கார்ந்து படிக்கட்டுமா என்று கேட்டாள். தான் எதுவும் சொல்லிக்கொடுப்பதில்லை, பிள்ளை தானாகவே படிக்கிறாள் என்று வாய் கூசாமல் பொய் சொன்னாள் இவள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு மகளிடம் சொன்னாள்: "அவ உனக்குப் போட்டி. பரீட்சையில எது கேட்டாலும் குடுக்காதே."

தேர்வு முடிகிற நேரத்துக்குப் பள்ளி வாசலில் போய் நின்றாள். மகள் முகமெல்லாம் பல்லாக ஓடி வந்தாள்.

"அம்மா, நீ சொன்ன மாதிரியே செஞ்சேன். அவ பென்சில் உடைஞ்சுபோச்சு. எங்கிட்ட கேட்டா. பெட்டியில இருந்துச்சு, ஆனா இல்லன்னு சொல்லிட்டேன்."

"அப்புறம்?"

"பரீட்சைய பாத்துக்க வந்தது வேற ஸ்கூல் டீச்சர். அவங்ககிட்ட கேக்க அவளுக்கு பயம். அழுதுக்கிட்டே உக்காந்திருந்தா. நான்தானே ஜெயிச்சேன்?"

யாரோ கன்னத்தில் அறைந்தாற்போல இருந்தது தாய்க்கு. மகளோ பாராட்டுக்காக அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சற்றுத் தள்ளி, அழுத பிள்ளையின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த கீழ்வீட்டுக்காரி இவர்களைக் கண்டதும் சிரித்தாள். "நீயாவது நல்லா எழுதினியா கண்ணு?" என்று இவள் மகளின் தலையை வருடினாள். நால்வரும் சேர்ந்தே நடந்தார்கள். வழியெல்லாம் இவளால் தலை நிமிர முடியவில்லை.

மாடிப்படியருகே வந்தும் அவள் மேலே தன் வீட்டுக்கு ஏறவில்லை. கீழ்வீட்டு வாசலிலேயே நின்று, சொன்ன பொய்யையும் மகளுக்குப் போட்ட உத்தரவையும் ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டாள். "மன்னிச்சிருங்கக்கா" என்றாள்.

கீழ்வீட்டுக்காரி கோபப்படவில்லை. தன் மகளை உள்ளே அனுப்பினாள். பிறகு, "எம் பொண்ணுக்கு மார்க்குதாம்மா போச்சு. உம் பொண்ணுக்கு என்ன போச்சுன்னு நீதான் பாத்துக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மகளின் சிரிப்பு அணைந்துவிட்டது. "அப்ப நான் கெட்ட பொண்ணாம்மா?"

தாய் படியிலேயே உட்கார்ந்து அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"இல்லடா. தப்பு என்னுது. பக்கத்துல ஒருத்தி அழறப்போ ஒரு பென்சிலை எடுத்து நீட்டத் தெரியலன்னா, எத்தனை மார்க் வாங்கினாலும் அது படிப்பே இல்ல. அதை உனக்குச் சொல்லிக்குடுக்காம விட்டது நான்தான்."