அர்த்தநாரி பெண்சாதி

கிழக்கு வெளுப்பதற்கு முன்பே வெள்ளைக்கல் குழி வெளுத்துவிடும். சேர்வராயன் மலை இன்னும் கருப்பாகக் கிடக்கும்போதே, இறங்குகிறவர்களுக்கு வழி தெரிகிற அளவுக்கு அந்தக் கல்லில் ஒரு மங்கிய ஒளி இருந்தது. ஆண்கள் கடப்பாரையோடு சரிவில் ஏறினார்கள். பெண்கள் கீழே குந்தி, முந்தின நாள் வேட்டு வைத்து உடைத்த கட்டிகளைச் சுத்தியலால் தட்டி, மண்ணும் கரும்பாறையும் ஒட்டாத சுத்தமான கல்லைப் பிரித்துக் கூடையில் போட்டார்கள். தட்டும்போது சில்லு தெறிக்கும். கண்ணை மூடினால் விரல் நசுங்கும், திறந்தால் கண்ணுக்கு ஆபத்து. பாதி மூடிய கண்ணோடு வேலை செய்யப் பழகியவர்கள் அவர்கள். தூள் விரல் வெடிப்புகளில் இறங்கி, வியர்வை பட்டதும் எரியும்.

பாவாயி எரிச்சலை வரவேற்றாள். கை எரிகிற நேரத்தில் மேலே பார்க்கத் தோன்றாது. மாசி மாதத்தில், அந்தச் சரிவின் இடது பக்கம் மொத்தமாக இறங்கியபோது அவள் புருஷன் அதனடியில்தான் நின்றிருந்தான். இப்போது வைகாசி. சரிந்த மண்ணையும் கூடையில் அள்ளிக் கொட்டி முடித்து, அந்த இடத்தில் புதிதாக வேட்டுக்குழி போட்டிருந்தார்கள்.

குழியின் விளிம்பில் செருப்புச் சத்தம் கேட்டது. காண்ட்ராக்டர் தங்கசாமி கையில் ஒரு காகிதத்தோடு நின்றார். கம்பெனிக்கு ஆள் பிடித்து வேலை வாங்கித் தருகிறவர் அவர். கூலிக்காரர்கள் குடியிருந்த குடிசைகளும் அவர் பொறுப்பில்தான் இருந்தன.

"யாருடி இங்க அர்த்தநாரி பொண்டாட்டி?"

யாரும் நிமிரவில்லை. அப்படி ஒருத்தி அந்தக் குழியில் இல்லை.

"உன்னத்தான் கேக்கறன் பாவாயி. கமிஷனர் ஆபீசுல இருந்து எனக்கு நோட்டீசு வந்திருக்குது. அர்த்தநாரி பெண்சாதி பாவாயி, நஷ்டஈடு கேட்டு மனுப் போட்டிருக்கறாளாம். எவன்டி அந்த அர்த்தநாரி?"

பாவாயிக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் கையிலிருந்த கல் நழுவியது.

"என்ர ஊட்டுக்காரரு பேரு எசமானுக்குத் தெரியாதுங்களா?"

"எனக்குத் தெரிஞ்சது கெடக்கட்டும். சர்க்காருக்கு நீ எழுதிக் குடுத்தது இது. அர்த்தநாரின்னு ஒருத்தன் என்ர குழியில வேலை செய்யவுமில்ல, சாவவுமில்லன்னு பதில் எழுதிப் போட்டுட்டன். நான் சொன்னதுல ஒரு பொய்யி உண்டா, சொல்லு."

மேலே நின்ற கணக்கப்பிள்ளை சிரித்தான். சிரிக்க வேண்டிய இடம் அவனுக்குத் தெரியும்.

"விசாரணைக்கு முன்னால என்ர ஆபீசுக்கு வந்து கைநாட்டு வெச்சிட்டுப் போ. குடிச்சிட்டு வந்து தானா குழியில உழுந்துட்டான், எனக்கு ஒரு வழக்கும் இல்லைன்னு எழுதி வெச்சிருக்கறன். வெச்சயின்னா குடிசையும் இருக்கும், வேலையும் இருக்கும். இல்லைன்னா உன்ர அர்த்தநாரியக் கூட்டிக்கிட்டு எங்கயாச்சும் போய்க்கோ."

தங்கசாமி காகிதத்தை மடித்துக்கொண்டு போனார்.

பக்கத்தில் இருந்த மயிலம்மாள்தான் முதலில் கேட்டாள். "ஏம்புள்ள, மனு எழுதறவங்கிட்ட நீ என்னதான் சொன்ன?"

"திருச்செங்கோட்டு மலமேல இருக்கற சாமி பேருன்னு சொன்னன்."

மயிலம்மாள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். வேறு யாராவது என்றால் சிரித்திருப்பாள்.

கலெக்டர் ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் நடந்தது அது. நூல் மில் சங்கத்துக் குமாரசாமி அவளை அங்கே கூட்டிப் போயிருந்தான். வேலை செய்யுமிடத்தில் செத்தவன் குடும்பத்துக்கு நஷ்டஈடு உண்டென்று சர்க்கார் சட்டம் போட்டுப் பல வருஷம் ஆகிறது, அது எசமான் மனமிரங்கிக் கொடுக்கிற பிச்சையல்ல, அதற்கென்றே சர்க்கார் வைத்திருக்கிற கமிஷனர் முன்னால் கட்டியே தீரவேண்டியது என்று அவன்தான் சொன்னான். அவளை மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு ஸ்டாம்பு வாங்கப் போனான். மனு எழுதுகிறவர் புருஷன் பேர் கேட்டார். அவள் சாமியைச் சொன்னாள். அவர் புன்னகைத்து, "தெரிஞ்சுதம்மா," என்று எழுதிக்கொண்டார். அந்த மலையில் அர்த்தநாரீசுவரரும் இருக்கிறார், செங்கோட்டு வேலவரும் இருக்கிறார் என்பது அவருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. அவளுக்கு அந்த மலையில் ஒரே ஒரு சாமிதான் இருந்தார். விரலில் மையைத் தடவி அழுத்திவிட்டு, காரியம் முடிந்த நிம்மதியோடு எழுந்து வந்தாள்.

மத்தியானம் கம்பங்கூழுக்கு உட்கார்ந்தபோது பெண்கள் அதையே பேசினார்கள்.

"இப்ப என்ன, அந்த ஆபீசருகிட்டப் போயி சரியான பேரச் சொல்லிட்டாத் தீந்துது," என்றாள் மயிலம்மாள். "நான் சொல்றன். உன்ர ஊட்டுக்காரரு எனக்கு அண்ணன் மொறைதான? எனக்கென்ன வந்துது?"

"அவ வாயில வரோணுமின்னு கேட்டா?" என்றாள் அங்கம்மாள். அந்தக் கூட்டத்தில் மூத்தவள் அவள். "பொம்பள புருசன் பேரச் சொன்னா அவன் ஆயுசு கொறையும்."

"கொறையறதுக்கு இனி என்னக்கா இருக்குது?"

கேட்டுவிட்டு மயிலம்மாள் கூழ்ச்சட்டியைப் பார்த்துக்கொண்டாள்.

மயிலம்மாள் கேட்டது சரிதான் என்று பாவாயிக்குத் தெரிந்தது. ஆயுள் குறையும் என்ற பயம் போயாயிற்று. அப்படியானால் நாக்கு ஏன் எழ மறுக்கிறது? அன்று சாயங்காலம் குடிசையில் அடுப்பு மூட்டும்போது உதட்டை மூடிக்கொண்டு அந்தப் பேரை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். இப்படிச் சொல்வது அவளுக்குப் புதிதல்ல. மேட்டூர் அணை வேலையில் அவர்கள் சேர்ந்து மண் சுமந்த நாளிலிருந்தே, தூரத்தில் அவன் வருவதைக் காணும்போதெல்லாம் அது வாய்க்குள் உருளும். இதுவரை யார் கையும் படாத சொத்தென்று ஒன்று அவளிடம் இருந்தால் அது இதுதான். வெளியே சொல்லிவிட்டால் அது காகிதத்தில் ஏறும், இறந்தவன் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் உட்காரும். சொல்லாமல் வைத்திருக்கிறவரை அவனில் ஏதோ ஒன்று இன்னும் முடியாமல் இருக்கிறது. அவள் பயந்தது இதற்குத்தான். இது அவளுக்கே அன்றுதான் தெரிந்தது, தெரிந்தபோது வெட்கமாகவும் இருந்தது.

ஆபீசுக்குக் கைநாட்டு வைக்க அவள் போகவில்லை. விசாரணை நாளன்று மயிலம்மாளும் அங்கம்மாளும் இன்னும் சில பெண்களும் கூலியை விட்டுவிட்டு அவளோடு சேலத்துக்கு நடந்தார்கள். அங்கம்மாள் வழி முழுக்க முணுமுணுத்தாள், ஆனால் முன்னால் நடந்தாள்.

கமிஷனர் ஆபீஸ் டவாலிக்காரன் வாசலில் நின்று கூப்பிட்டான். "அர்த்தநாரி பெண்சாதி பாவாயி."

பாவாயி தயங்கினாள். எழுந்தால் அர்த்தநாரியின் பெண்சாதி ஆகிவிடுகிறாள், எழாவிட்டால் மனு தள்ளுபடி. அவன் இரண்டாம் முறை கூப்பிட்டபோது எழுந்து உள்ளே போய் நின்றாள்.

கமிஷனர் மதராஸிலிருந்து வந்தவர். கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். பார்வையில் கருணையுமில்லை, கடுமையுமில்லை.

"மனுவில் அர்த்தநாரி என்று இருக்கிறது. அப்படி ஒருவர் தம்மிடம் வேலை செய்யவில்லை என்று எதிர்மனுதாரர் சொல்கிறார். உன் புருஷன் பேர் என்னம்மா?"

"எழுதினது தப்புங்க சாமி."

"சரியானதைச் சொல்."

மயிலம்மாள் கதவருகிலிருந்து, "நான் சொல்றனுங்க," என்றாள்.

"மனுதாரர் சொல்லட்டும்."

தங்கசாமியின் வக்கீல் எழுந்தார். "புருஷன் பேரே தெரியாத மனைவி. கோர்ட்டார் இதைக் கவனிக்க வேண்டும்."

தங்கசாமி தன் பங்குக்கு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "கட்டுனவளா இருந்தா பேரு தெரியும். ஊரான் பொணத்துக்கு ஒப்பாரி வெக்க வந்தவளுக்கு எப்படித் தெரியும்?"

அந்தச் சொல் அவளுக்குள் எங்கோ விழுந்தது. விழுந்த இடத்திலிருந்து மாசி மாதத்துச் சத்தம் எழுந்தது. சரிவு இறங்கியதும் குழியில் இருந்த பெண்கள் எல்லோரும் ஓடி வந்து மண்ணைப் பார்த்துக் கூப்பிட்டார்கள். புருஷனைக் கூப்பிடுகிற வழக்கப்படி, ஏனுங்க, ஏனுங்க என்று. எல்லார் வாயிலும் ஒரே ஏனுங்க. அவளும் அதைத்தான் கூப்பிட்டாள். அந்த மண்ணுக்குக் கீழே காது கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு, தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று எப்படித் தெரியும்? மற்ற ஆண்கள் ஒவ்வொருவராகத் தூசிக்குள்ளிருந்து வெளியே வந்தார்கள். ஒவ்வொரு பெண்ணும் கூப்பிடுவதை நிறுத்தினாள். கடைசியில் அவள் குரல் மட்டும் மிஞ்சியது. அப்போதும் அவள் பேரைச் சொல்லவில்லை.

"செங்கோட்டையன்," என்றாள்.

குரல் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. அங்கம்மாள் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள்.

"செங்கோட்டையனுங்க. என்ர ஊட்டுக்காரரு. இவுரு குழியிலதான் வேலை செஞ்சாரு. இவுரு குழியிலதான் செத்தாரு."

"முதலில் அர்த்தநாரி, இப்போது செங்கோட்டையன், அடுத்த வாய்தாவுக்கு யாரோ," என்றார் வக்கீல். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கமிஷனர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து மனுவில் ஒரு சொல்லை அடித்து, வேறொன்றை எழுதி, ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். தான் சொன்ன ஒரு சொல்லுக்காக ஓர் அதிகாரியின் பேனா நகர்வதை அவள் அன்றுதான் பார்த்தாள்.

"செங்கோட்டையன் அன்று வேலையில் இருந்தாரா? ஆள் கணக்கு நோட்டைக் காட்டுங்கள்."

கணக்கப்பிள்ளை நோட்டை நீட்டினான். கமிஷனர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஆண் ஆள் இத்தனை, பெண் ஆள் இத்தனை. தினமும் அவ்வளவுதான். ஒரு பக்கத்திலும் ஒரு பேர் இல்லை.

"பேர் எழுதுவதில்லையா?"

"கூலியாளுங்க தானுங்களே. இன்னிக்கி வருவாங்க, நாளைக்கிப் போவாங்க," என்றார் தங்கசாமி.

"அப்படியானால் சாட்சி வேண்டும். கூட வேலை செய்தவர்கள் வந்து சொல்ல வேண்டும்." கமிஷனர் வாய்தா போட்டுக் காகிதக் கட்டை மூடினார்.

வெளியே படியிலேயே தங்கசாமி பெண்களை மறித்தார். "சாட்சியா? எவ வாயத் தொறக்கறான்னு பாக்கறன். இன்னிக்கி இங்க வந்தவளுகளுக்கு நாளையில இருந்து வேலை கெடையாது. குடிசையும் காலி பண்ணோணும்."

பெண்கள் திரும்பி நடந்தார்கள். பாவாயிக்குத் தன் வாய் காலியாக இருப்பது போலிருந்தது. ஆனால் அந்தக் காலியில் வலி இல்லை. தன்னால் இவர்களும் தெருவுக்கு வருகிறார்களே என்பதுதான் வலித்தது. அதை அவள் சொல்லத் தொடங்கியபோது அங்கம்மாள் கையை வீசி அடக்கினாள்.

"அந்த நோட்டப் பாத்தியா?" என்றாள். "நாளைக்கி என்ர தலையில கல்லு உழுந்தாலும் பொம்பள ஆளு ஒண்ணு கொறைஞ்சுதுன்னுதான எழுதுவான்? இத்தன வருசமா அதுல நான் இருக்கறன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தன்."

அன்று பொழுது சாயும் முன்பே அந்தச் சேதி குடிசைகள் எல்லாவற்றுக்கும் போய்விட்டது. நோட்டில் யாரும் இல்லை, ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. வேலையிலிருந்து வந்த ஆண்கள் முதலில் நம்பவில்லை. மயிலம்மாளின் புருஷன் சென்றாயன், செங்கோட்டையனோடு ஒரே சரிவில் நின்று உயிர் தப்பியவன், ஒரே ஒரு கேள்வி கேட்டான். "அப்ப நானும் அன்னிக்கி அங்க இல்லையா?"

மறுநாள் விடிகிற நேரத்தில் குழியின் விளிம்பில் எல்லோரும் நின்றார்கள். யாரும் இறங்கவில்லை. கடப்பாரைகள் தரையில் கிடந்தன. வெள்ளைக்கல்லைச் சுடுவதற்காக இரவு முழுக்க எரிந்த, ஆறவிட்டால் உள்ளே இருக்கிற கல் வீணாகிவிடுகிற சூளையின் வாயில் விறகு தள்ள வேண்டிய ஆட்களும் வந்து கூட்டத்தோடு உட்கார்ந்தார்கள்.

தங்கசாமி வேகமாக வந்தார். "எறங்குங்கடா. சேலத்துக்குப் போனவளுக மட்டும் அந்தாண்ட நில்லுங்க."

"ஒருத்தருமே எறங்கலீங்க," என்றான் சென்றாயன். "நோட்டுல பேரு எழுதுங்க. ஒவ்வொருத்தரு பேரும். எழுதினதும் எறங்கறம்."

"எந்தச் சட்டத்துலடா இருக்குது அது?"

"எந்தச் சட்டத்துல இருக்குதுன்னு எங்களுக்குத் தெரியாதுங்க. பேரில்லைன்னா எந்தச் சட்டமும் எங்களுக்கில்லைன்னு நேத்துத் தெரிஞ்சுது."

"வேற ஆளு கொண்டாந்து எறக்கறன். ஆத்தூருப் பக்கம் எத்தன வேணுமின்னாலும் கெடைக்கும்."

"கொண்டாங்க. அவங்களுக்கும் பேரு இருக்குமுங்களே," என்றாள் மயிலம்மாள்.

கூட்டத்தில் ஒரு சிரிப்பு ஓடியது. தங்கசாமியின் முகம் கறுத்தது. குடிசைக் கதவுகளைப் பிடுங்க ஆள் அனுப்புவதாகச் சொன்னார். போலீசைச் சொன்னார். கம்பெனி துரையைச் சொன்னார். இவை எல்லாமே நடக்கக்கூடியவை என்று அங்கிருந்தவர்களுக்குத் தெரியும். சிலர் தங்கள் குடிசைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் நேராக நின்றார்கள்.

அங்கம்மாள் கணக்கப்பிள்ளையின் மேசைக்கு முன்னால் போனாள். முந்தானையை இழுத்துச் சொருகினாள்.

"எழுதிக்க. அங்கம்மா."

அவன் பேனாவைத் தொடவில்லை. அவள் காத்திருந்தாள். பிறகு, ஆண்கள் கூட்டத்தின் பக்கம் பார்க்காமல், தலையை நேராக வைத்துக்கொண்டு சொன்னாள்.

"ஊட்டுக்காரரு பேரு சின்னுசாமி."

பின்வரிசையில் தலைப்பாகை கட்டிய கிழவர் ஒருவர் கூச்சத்தில் குனிந்துகொண்டார். பக்கத்தில் இருந்தவன் அவர் விலாவில் இடித்தான்.

அடுத்து பாவாயி வந்தாள். "பாவாயி. செங்கோட்டையன் பொண்டாட்டி," என்றாள். இந்த முறை குரல் அளவாக இருந்தது.

கணக்கப்பிள்ளை தங்கசாமியின் முகத்தைப் பார்த்தான். அவர் வேறெங்கோ பார்த்தார். நோட்டு வெள்ளையாகவே இருந்தது, சூளை மெல்ல ஆறிக்கொண்டிருந்தது. பாவாயி நகர்ந்து இடம் விட்டாள். அவளுக்குப் பின்னால் மயிலம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.