சிவப்பு மை விழுந்த கோபம்

கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பார்கள். பத்தாம் வகுப்பின் கடைசி பெஞ்சுக்காரிக்குக் கடுகு என்று பட்டப்பெயர் வைத்தவர்கள் அவள் உருவத்தைத்தான் பார்த்தார்கள். காரத்தை மறந்துவிட்டார்கள்.

வகுப்பாசிரியைக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: நூறு டீச்சர். அவர் வகுப்பில் நூற்றுக்கு நூறு பேரும் தேற வேண்டும். தேறாது என்று தோன்றும் பிள்ளையைத் தேற்றுவது ஒரு வழி, பட்டியலிலிருந்து கழித்துக்கட்டுவது இன்னொரு வழி. டீச்சருக்கு இரண்டாவதுதான் கைவந்த கலை.

கணக்கில் இருபத்தெட்டு வாங்கிய கடுகைக் கழிக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அது வாழ்க்கைத் திறன் வகுப்பில் கிடைத்தது. அன்றைய பாடம் கோபத்தைக் கையாளுவது. யார்மேல் கோபமோ அவருக்குக் கடிதம் எழுதி, பூட்டிய பெட்டியில் போட வேண்டும்.

"யாரும் பிரிக்க மாட்டாங்க. வருஷக் கடைசியில அப்படியே எரிச்சிடுவோம்," என்றார் டீச்சர்.

கடுகு நம்பினாள். அவள் மார்க்கை உரக்கப் படித்து வகுப்பையே சிரிக்க வைக்கும் டீச்சர்மேல் இருந்த ஆத்திரத்தை இரண்டு பக்கத்துக்குக் கொட்டித் தீர்த்தாள்.

மறுவாரம் அம்மாவை வரச்சொன்னார்கள். சலவைக்கடையில் இஸ்திரி போடும் அம்மா அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்து நின்றாள். மேசைமேல் கடுகின் கடிதம் கிடந்தது.

"உங்க பொண்ணு என்ன எழுதியிருக்கா பாருங்க. இவளை இங்க வெச்சுக்க முடியாது. தனியா பரீட்சை எழுதிக்கட்டும். வெள்ளிக்கிழமைக்குள்ள இந்தப் படிவத்துல கையெழுத்துப் போட்டுக் கொடுங்க."

"சின்னப் பொண்ணு, தெரியாம எழுதிட்டா டீச்சர்," என்று அம்மா கெஞ்சினாள். இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்போடு அவள் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. அம்மாவை அப்படிக் கெஞ்ச வைத்ததைக் கடுகு மன்னிப்பதாக இல்லை.

அவள் அழவில்லை, கடிதத்தையே பார்த்தாள். ஓரமெல்லாம் சிவப்பு மை. பிழைகளைச் சுற்றி வட்டம், கீழே பத்துக்கு நாலு. இருபது வருஷம் தாள் திருத்திய கை, பாவம், தன்னைத் திட்டிய தாளைக்கூடத் திருத்தாமல் விடவில்லை. அப்படியானால் மற்றவர்கள் கடிதங்களை மட்டும் சும்மா விட்டிருக்குமா?

"கையெழுத்துப் போடாதம்மா. வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறு," என்றாள் வழியில்.

முன்பே சொல்லியிருந்தபடி, வாழ்க்கைத் திறன் வகுப்பைப் பார்வையிட வியாழக்கிழமை ஆய்வு அதிகாரி வந்தார். தனக்கு நேர்ந்ததை மூன்று வாக்கியத்தில் தைரியமாகச் சொல்லும் பயிற்சி: என்ன நடந்தது, எப்படி இருந்தது, என்ன வேண்டும். வகுப்பின் முதல் மாணவிக்கு ஒரு வாரமாக ஒத்திகை. பென்சிலைக் கேட்காமல் எடுத்த தோழியிடம் தேன் ஒழுகப் பேசிவிட்டு உட்கார்ந்தாள். அதிகாரி கொட்டாவியை விழுங்கிக்கொண்டு, "வேற யாராவது?" என்றார்.

கடுகு எழுந்தாள்.

"நீ உக்காரு!" என்றார் டீச்சர்.

"பேசட்டுமே," என்றார் அதிகாரி.

கடுகின் குரல் நடுங்கவில்லை. "டீச்சர், யாரும் பிரிக்க மாட்டாங்கன்னு சொன்ன கடிதத்தை நீங்களே பிரிச்சுப் படிச்சு, எங்கம்மாவைக் கெஞ்ச வெச்சீங்க. எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. அந்தப் பெட்டியை இப்பவே திறக்கணும்."

அதிகாரி டீச்சர் பக்கம் திரும்பினார்.

"சாவி வீட்ல இருக்கு சார்," என்றார் டீச்சர்.

"உங்க அடையாள அட்டைக் கயித்துலதான தொங்குது டீச்சர்?" முன்பெஞ்சிலிருந்து கேட்டது முதல் மாணவி. அவளும் ஒரு கடிதம் போட்டிருந்தாள்.

பெட்டி திறந்தது. நாற்பது கடிதம், நாற்பதிலும் சிவப்பு மை. அப்பா குடிக்கிறார் என்று அழுதிருந்தவனுக்கு ஐந்து. முதல் மாணவிக்கு ஒன்பது. பிள்ளைகள் ஓடிவந்து தங்கள் தாளைத் தேடிப் பறித்தார்கள், யாரோ விசும்பினார்கள். மற்றவர்கள் ரகசியத்தையும் சேர்த்துத் திறந்துவிட்டோமே என்று கடுகுக்கு ஒரு கணம் உறுத்தியது. அம்மாவின் கை நினைவுக்கு வந்ததும் உறுத்தல் போன இடம் தெரியவில்லை.

"அம்மா எதுக்குக் கெஞ்சினாங்க?" என்றார் அதிகாரி. கடுகு பையிலிருந்த, அம்மா கையெழுத்துப் போடாத தனித்தேர்வுப் படிவத்தைக் கொடுத்தாள். அவர் அதை மடித்துத் தன் கோப்பில் வைத்துக்கொண்டார். "இவ இங்கதான் பரீட்சை எழுதுவா. இந்தப் பயிற்சிக்கு மார்க் போடுங்க டீச்சர்."

சிவப்புப் பேனா மதிப்பெண் பதிவேட்டில் எழுதியது.

"எங்க மார்க்கையெல்லாம் சத்தமாத்தானே படிப்பீங்க?" என்றாள் கடுகு.

டீச்சர் அதிகாரியைப் பார்த்தார். அவர், படியுங்கள் என்பதுபோல் தலையை அசைத்தார்.

"பத்துக்குப் பத்து," என்றார் டீச்சர், தரையைப் பார்த்து.

"கடைசி பெஞ்சுக்குக் கேக்கல டீச்சர்."