சுவரில் உட்கார்ந்திருந்த இருவர்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. என் சமையலறையில் தீப்பிடித்தபோது கரியைத் துடைக்க வந்தவள், முன்பு வேறொரு வீட்டில் துடைக்கப் போனதைப் பற்றி வேலையோடு வேலையாகச் சொன்னது. அவளோடு வந்த அண்ணி அவளைக் 'கரிக்காரி' என்றுதான் கூப்பிட்டாள். நானும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

அந்த வீட்டுக்குள் கால் வைத்ததுமே அவளுக்கு ஏதோ

(வேண்டாம். அவளுக்கு ஏதோ ஒன்றும் ஆகவில்லை. மூக்கு மட்டும் எரிந்ததாம்.)

2

அந்த வீட்டில் தீ சமையலறையோடு நின்றுவிட்டது. புகைதான் வீடு முழுக்கப் போயிருந்தது. கூடத்தில் கடிகாரத்தைக் கழற்றினால் கருஞ்சுவரில் ஒரு வெள்ளை வட்டம். நாட்காட்டிக்குப் பின்னால் ஒரு வெள்ளைச் சதுரம். எது மறைத்துக்கொண்டிருந்ததோ அந்த இடத்தில் மட்டும் கரி படியாது.*

கரிக்காரி பொருள்களை வீட்டுக் கடைசியில் இருந்த சாமான் அறைக்கு நகர்த்தப் போனாள். கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணி, இங்க கொஞ்சம் வாங்களேன்."

தரையோரமாகச் சுவரில் ஒரு வெள்ளை உருவம். முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து ஒரு பெண். அவள் தோளோடு தோள் ஒட்டி இன்னொரு உருவம். அதன் கை அவள் தலைக்கு மேலே சுவரில் விரிந்திருந்தது. ஐந்து விரலும் பளிச்சென்று.

"ஏதாவது பீரோ நின்னிருக்கும்டி."

"பீரோவுக்கு விரல் இருக்குமா அண்ணி?"

அண்ணி அதற்குப் பிறகு அந்த அறைக்குள் வரவில்லை.

* உலர்ந்த பஞ்சால்தான் முதலில் துடைக்க வேண்டும். ஈரத்துணி பட்டால் கரி சுவருக்குள் இறங்கிவிடும். இதைத் தெரியாமல் நான் என் சமையலறையில் வாளித் தண்ணீரோடு நின்றேன், திட்டு வாங்கினேன்.

3

வீட்டுக்காரரிடம் கேட்டாள்.

"தீப்பிடிச்சப்ப வீட்ல யாரும் இல்லம்மா. நான் வேலையில இருந்தேன். இவ பக்கத்து வீட்ல இருந்தா."

'இவ' என்றது மனைவியை. அந்த அம்மாள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே வரவே இல்லை. கணவர் மின்சாரம் பார்ப்பவரைக் கூட்டிவரக் கிளம்பிய பிறகுதான் எழுந்தாள். நேராகச் சாமான் அறைக்கு வந்தாள். முதுகை ஒட்டி, முழங்காலைக் கட்டிக்கொண்டு, அந்த வெள்ளைக்குள் உட்கார்ந்தாள். அச்சு அசலாகப் பொருந்தியது.

"கதவச் சாத்திக்கிட்டு இங்கதான் இருந்தேன். வெளிய போகணும்னு தோணல. அவருக்குத் தெரியாது."

(அவளுக்கு ஏன் தோன்றவில்லை என்று இங்கே ஒரு பத்தி எழுதினேன். படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கரிக்காரி அதைக் கேட்கவில்லை. கேட்காத ஒன்றுக்கு நான் எப்படிப் பதில் சொல்ல? அடித்துவிட்டேன்.)

"அப்புறம் எப்படிங்க வெளிய வந்தீங்க?"

"எந்திரின்னு ஒரு குரல் கேட்டுச்சு. கதவு திறந்திருந்துச்சு. நடந்துட்டேன்."

"கூட இருந்தது யாருங்க?"

"யாரும் இல்லையே."

கரிக்காரி சுவரைக் காட்டினாள். அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு தன் கையை அந்த வெள்ளைக் கைமேல் வைத்தாள். அது இவளுடையதைவிடப் பெரிது.

"சுடுது," என்றாள்.

கரிக்காரி தொட்டுப் பார்க்கவில்லை. நான் துருவித் துருவிக் கேட்டும் "தொடலீங்க" என்பதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை.

4

"என்னோடத மட்டும் எடுத்துடுங்க. அவருக்குத் தெரிய வேணாம்."

வெள்ளையைத் துடைக்க முடியாது. சுற்றியிருக்கும் கரியைத் துடைத்தால் உருவம் தானாகவே காணாமல் போகும். கரிக்காரி மேலிருந்து கீழாகப் பஞ்சை இழுத்தாள். தலை கரைந்தது, முழங்கால் கரைந்தது. ஒட்டியிருந்த தோளுக்கு வந்ததும் கை நின்றது. இரண்டு தோளுக்கும் நடுவே கரிக்கோடே இல்லை. எது இவள், எது அது என்று பிரிக்க முடியவில்லை.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது.

"சீக்கிரம் அதையும் துடைச்சிடவா?" என்றாள் கரிக்காரி.

அந்த அம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்:

"என்னங்க, இங்க வாங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

5

முடிவு ஒன்று: அவள் எல்லாவற்றையும் சொல்கிறாள், அவர் அழு

முடிவு இரண்டு: அவர் உருவத்தை அடையாளம் கண்டு

இரண்டும் என் கைவேலை, கிழித்துப் போட்டாயிற்று. கரிக்காரி அங்கே நிற்கவில்லை. அண்ணியை இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். குரல் கேட்டதாம், வார்த்தை கேட்கவில்லையாம். பிறகு குரலும் அடங்கியது. பஞ்சை எடுக்க அவள் உள்ளே போனபோது, இருவரும் அந்தச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் வெள்ளைச் சட்டையெல்லாம் கரி.

"இந்தச் சுவரு இப்படியே இருக்கட்டும்மா," என்றார், நிமிர்ந்து பார்க்காமல்.

அந்த அம்மாள் அவரிடம் என்ன சொன்னாள் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், எனக்குத் துணிவில்லை. ஆனால் எழுதும்போது அவர்களை நெருக்கி உட்கார வைத்துவிடாதீர்கள். கரிக்காரி பார்த்தபோது, இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள்.