இடப்பக்கத்துப் பள்ளம்

இருபது வருடமாக மட்டாஞ்சேரியில் பல பேருடைய வாய் எனக்குத் தெரியும். முகம் தெரியாது. பல் ஆஸ்பத்திரியில் வாயில் அளவெடுத்து எங்கள் லேபுக்கு அனுப்புவார்கள். நான் அதில் பிளாஸ்டர் மாவை ஊற்றி அச்சு எடுத்து, மெழுகில் பல் அடுக்கி, பல்செட்டாகச் செய்து திருப்பி அனுப்புவேன். அது யாருடைய வாய் என்று சொல்ல ஒரு சீட்டு மட்டும் கூடவே வரும். அச்சுகளோடு இருப்பது எனக்குப் பிடிக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அவை பேசாது. நானும் பேச வேண்டியதில்லை.

சங்கரலிங்கம், அறுபத்தெட்டு வயது என்று சீட்டு ஒட்டிய மேல்செட் இரண்டாவது தடவையாகத் திரும்பி வந்தது. கூடவே புதிதாக எடுத்த அளவும் வந்தது. லேப் முதலாளி ரமேஷ்பாபு அதை என் மேசையில் வைத்துவிட்டு நின்றார்.

"டாக்டரம்மா போன்ல விளிச்சிருந்தாங்க, பொன்மணி. இடது பக்கம் பின்னேயும் அதே புண்ணாம். மூணாவதும் திரும்பி வந்தா அவங்க வேலை முழுக்க எர்ணாகுளத்து லேபுக்குப் போயிடும். மனசிலாயா?"

"ம்."

"வந்தா, நீ அப்புறம் பல்லு அடுக்க வேண்டாம். பாலிஷ் போட்டா மதி, அது போதும்."

அதற்கும் 'ம்' என்றேன். தப்பு என்னுடையதாகத்தான் இருக்கும் என்று முதலிலேயே ஒத்துக்கொள்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. அதற்கு மேல் யோசிக்க வேண்டாம், யாரையும் எதிர்த்து நிற்க வேண்டாம். ஆனால் பல் அடுக்குவது ஒன்றுதான் நான் விரும்பிச் செய்கிற வேலை. அதை எடுத்துவிட்டால் என்னிடம் என்ன மிச்சம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை.

புதிய அளவில் அச்சு எடுத்தேன். மேலண்ணத்தின் பின்பகுதியில் ரவையைத் தூவியது போல் சின்னச் சின்ன மேடுகள். அளவெடுக்கும்போது காற்று புகுந்தால் அச்சில் இப்படிக் குமிழ் விழும். சுரண்டி எடுத்துவிடுவது வழக்கம். கத்தியை எடுத்தேன். கை பாதியில் நின்றது. இதே இடத்தில், இதே மேடுகளை, போன இரண்டு தடவையும் சுரண்டியிருக்கிறேன். காற்றுக் குமிழ் மூன்று தடவையும் ஒரே இடத்திலா விழும்?

கீழ்ப்பல் அச்சை விளக்கின் கீழே பிடித்தேன். கீழே அவருக்குச் சொந்தப் பற்கள்தான். இடப்பக்கம், கோரைப்பல்லும் அடுத்த பல்லும் சேருமிடத்தில் ஒரு வட்டமான பள்ளம். பென்சிலை வைத்தேன், கச்சிதமாக உட்கார்ந்தது. நூலைக் கடிக்கும் தையல்காரர்களுக்கு முன்பல்லில் கீறல் இருக்கும். இது பக்கவாட்டில், வழவழவென்று, வருடக்கணக்காகத் தேய்ந்த பள்ளம். படிக்கிற காலத்தில் புத்தகத்தில் பார்த்த படம் ஒன்று நினைவுக்கு வந்தது. புகையிலை பைப் பிடிக்கிறவரின் அண்ணம். சூடான புகை நேராகப் போய்ப் படுகிற இடமெல்லாம் தடித்துப் புள்ளி புள்ளியாக இருக்கும்.

சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். 'புகை: இல்லை' என்று எழுதியிருந்தது.

சும்மா இருந்திருக்கலாம். மறுநாள் பதினோரு மணிக்கு அவர் டாக்டரிடம் வருகிறார் என்று சீட்டிலேயே இருந்தது. காலையில் அச்சைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு கிளம்பினேன்.

"லேப்காரிக்கு ஆஸ்பத்திரில என்ன காரியம்?" என்று ரமேஷ்பாபு கேட்டார்.

நான் படி இறங்கினேன். பத்து நிமிட நடை. இருபது வருடத்தில் ஒருநாளும் நடந்ததில்லை.

நாற்காலியில் சாய்ந்திருந்தார் சங்கரலிங்கம். படகுத்துறையில் போட் ஓட்டி ஓய்வு பெற்றவராம். அடர்ந்த மீசைக்குக் கீழே மேலுதடு உள்வாங்கியிருந்தது. அந்த வாய்க்குள் இருக்கும் ஒவ்வொரு மடிப்பும் எனக்குத் தெரியும். முகத்தை இப்போதுதான் பார்க்கிறேன். ஏனோ கூச்சமாக இருந்தது. பக்கத்தில் அவர் மனைவி சந்தனமாரி, மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் மஞ்சுஷா என்னைவிடச் சின்னவர். "பல்லு செய்யற ஆளா? நல்லதாப் போச்சு, நேரிட்டே பாருங்க. சேட்டா, ஒன்னு கடிச்சே."

அவர் கடித்தார். தாடை நேராக மூடாமல் இடது பக்கம் நகர்ந்தது. அந்த மூலையில் உதடு எதையோ பிடித்துக்கொள்வது போலக் குவிந்தது. அங்கே எதுவும் இல்லை.

கேட்காமல் திரும்பிப் போய்விடு என்றது உள்ளே பழகிய குரல். அதன் சொல்படிதான் இத்தனை வருடம் இருந்திருக்கிறேன்.

"அண்ணாச்சி, பைப்பை எந்தப் பக்கம் வச்சுப் பிடிப்பீங்க?"

"இடது..." என்றவர் டக்கென்று வாயை மூடிக்கொண்டார்.

சந்தனமாரி மெதுவாகத் தலையைத் திருப்பினார். "என்னது?"

"ஒண்ணுமில்ல."

"காளியம்மை முன்னாடி கற்பூரத்தை அணைச்சுல்லா சத்தியம் பண்ணினீரு!"

"பீடியத்தான் விட்டுட்டேன்னு சத்தியம் பண்ணுனேன். பைப்பைப் பத்தி அங்க பேச்சே வரலியே."

"தெனமும் மாடியிலேர்ந்து எறங்கும்போது ஏலக்கா மணக்கும். மேல்பல்லு ஒண்ணுகூட இல்லாத மனுசனுக்கு ஏலக்கா எதுக்குன்னு எனக்குத் தோணாமப் போச்சே!"

டாக்டர் முகக்கவசத்துக்குள் சிரித்தது தோள் குலுங்கியதில் தெரிந்தது. ஒரு கப்பல் இன்ஜினீயர் கொடுத்த பைப்பாம், இருபத்தைந்து வருடப் பழக்கமாம். செட் போட்டுக்கொண்டும் அதே இடத்தில் கடித்துப் பிடித்திருக்கிறார். இடப்பக்கம் அழுந்த, வலப்பக்கம் தூக்க, செட் நாள் முழுக்க ஆடி ஈறைத் தேய்த்திருக்கிறது.

"இதெப்படி அறிஞ்சீங்க?" டாக்டர் கேட்டார்.

செய்தித்தாளைப் பிரித்தேன். "இந்த மேடுங்களைப் பாருங்க, டாக்டர். குமிழ்னு நெனச்சு ரெண்டு தடவையும் நான் சுரண்டிட்டேன். அதனால செட்டு அண்ணத்துல அழுத்தியிருக்கும். அது என் தப்பு. ஆனா இடது பக்கம் புண்ணானது என் தப்பில்ல."

இவ்வளவு நீளமாக நான் பேசியதை நானே கேட்டுக்கொண்டு நின்றேன்.

டாக்டர் விளக்கை அவர் வாய்க்குள் திருப்பினார். வெகுநேரம் பார்த்தார். "செகப்புப் புள்ளி நிறைய இருக்கு. புண்ணை மட்டுந்தான் நான் நோக்கிட்டிருந்தேன்" என்றார் நேர்மையாக.

பிறகு சொன்னார். நாலு வாரம் பைப் கூடாது, செட்டும் கூடாது. சாப்பிட்டதும் இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும். மெத்தென்ற பிரஷ்ஷால் பல்லோடு நாக்கையும் துலக்க வேண்டும். கீழ்ப்பல்லில் காரையைச் சுத்தம் செய்து, பள்ளத்தை அடைத்துவிடலாம், பல் கூச்சம் போய்விடும். நாலு வாரத்தில் புள்ளிகள் மறையாவிட்டால் சதையில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அதைச் சொன்னபோது சந்தனமாரியின் முகம் மாறியது. கையை நீட்டினார். சங்கரலிங்கம் தன் சட்டைப்பைக்குள்ளிருந்து பைப்பை எடுத்துக் கொடுத்தார்.

"இங்கயே கொண்டாந்தீரா!"

கேட்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனதற்காக அந்த நாலு வாரமும் எனக்குப் பாலிஷ் வேலைதான். ரமேஷ்பாபு என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வழக்கமாக அப்படி இருந்தால் மன்னிப்புக் கேட்டுவிடுவேன். இந்த முறை கேட்கத் தோன்றவில்லை. எனக்கே அது புதிதாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு வாரமும் அந்தப் புள்ளிகளை நினைத்தேன். முகம் தெரிந்த பிறகு வாயை வெறும் வாயாக நினைக்க முடியவில்லை.

ஐந்தாவது வாரம் சங்கரலிங்கத்தின் புது அளவு வந்தது. மாவை ஊற்றி, இறுகியதும் பிரித்துப் பார்த்தேன். அண்ணம் வழவழவென்று இருந்தது. அச்சைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் போய் நின்றேன்.

மேல்தாடையும் கீழ்த்தாடையும் சேரும் கடியைப் பார்த்து எடுக்க டாக்டர் என்னையும் கூப்பிட்டார். "அண்ணாச்சி, நாக்கு நுனியை மேலே பின்னாடி தொடுங்க. எச்சிலை முழுங்குங்க. இப்ப மூடுங்க" என்றேன். தாடை நேராக வந்து மூடியது.

செட் மாட்டிய நாளில் சந்தனமாரி நேந்திரங்காய் வறுவல் பொட்டலத்தோடு வந்திருந்தார். முதல் நாளே கடினமானதைக் கடிக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் சங்கரலிங்கம் ஒன்றை வாயில் போட்டுவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். நொறுங்கும் சத்தம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல வந்தது.

"வலிக்குதா?" என்றார் சந்தனமாரி.

"வலிக்க எங்க நேரம்? பொட்டலத்தை இங்க தள்ளு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் மெழுகில் அடுக்கிய பற்கள். அவை ஒரு முகத்தில் சிரித்து நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

டாக்டர் அங்கிருந்தே ரமேஷ்பாபுவுக்கு போன் போட்டார். "இனி எல்லா செட்டுக்கும் கடி எடுக்க பொன்மணி இங்க வரணும்."

"அவ வாயே திறக்க மாட்டாளே, டாக்டரே!" அவர் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"இங்க நல்லாத்தான் பேசறாங்க."

நான் போனுக்குக் கை நீட்டினேன்.

"அண்ணே, பாலிஷுக்கு வேற ஆளைப் பாத்துக்கோங்க."

போனை டாக்டரிடம் திருப்பிக் கொடுத்தேன். சங்கரலிங்கம் இன்னொரு வறுவலைக் கடித்தார்.